வழுவும் வழுவமைதியும்: மிகுபுனைவுக் கணினி விளையாட்டுகள் குறித்த ஆர்வலர் உரையாடல்

முன்னுரை

ஒரு படைப்பில் காணப்படும் பிழை யாருடையது என்னும் வினா திறனாய்வுக்குப் புதியதன்று. எழுதியவர் பிழையா, படியெடுத்தவர் பிழையா, படிப்பவரின் அறியாமையா எனப் பிரித்தறிவதே மூலபாடத் திறனாய்வின் முதற்பணியாகும். ஏட்டுச்சுவடிகளை முன்வைத்து எழுந்த இவ்வினா, இன்று முற்றிலும் வேறானதொரு களத்தில், இலக்கியப் பயிற்சியைத் தொழிலாகக் கொள்ளாத பெருங்கூட்டத்தினரால் நாள்தோறும் விவாதிக்கப்பட்டு வருகின்றது. மிகுபுனைவுலகைக் களமாகக் கொண்ட பாத்திரமேற்பு வகைக் கணினி விளையாட்டுகளின் ஆர்வலர் கூட்டமே அது. ஓர் ஆட்டத்தில் எதிர்பாராதது நிகழும்போது, அது வடிவமைப்பாளர் வேண்டுமென்றே வைத்ததா, நிரலாக்கத்தில் நேர்ந்த பிழையா என்பதே அக்கூட்டத்தின் ஓயாத வழக்காக உள்ளது.

இவ்வழக்கைப் பொழுதுபோக்குவோரின் வெற்றுரை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அதனை உற்றுநோக்கினால், சான்று தேடல், சான்றுகளை எடைபோடல், திருத்தம் செய்தல், திருத்தத்தை மறுத்தல் என முறையான திறனாய்வின் படிநிலைகள் யாவும் அதில் இயங்குவதைக் காணலாம். அவ்வுரையாடலின் இயல்பையும் வலிமையையும் குறைபாட்டையும் தேர்ந்தெடுத்த சில ஆட்டங்களின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆர்வலரால் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை ஆட்டங்கள் முதன்மைச் சான்றாகவும், 'பால்டர்ஸ் கேட்', 'டார்க் சோல்ஸ்' வரிசைகள் துணைச் சான்றுகளாகவும் கொள்ளப்படுகின்றன.

நடுவர் இல்லாத ஆட்டம்

இவ்வகை விளையாட்டுகளின் தாய்வடிவம் கணினியில் தோன்றியதன்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டே அதன் ஊற்று. அதில் ஒருவர் நடுவராக அமர்ந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரர், மந்திரவாதி, திருடர் எனப் பாத்திரங்களை ஏற்றுப் பகடை உருட்டி ஆடுவர். விதிநூல் ஒன்று உண்டு. எனினும் விதி முரண்பட்டால், அல்லது விதி காணாத சூழல் எழுந்தால், அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லும் உரிமை நடுவருக்கு இருந்தது. எனவே பிழை என்பது அங்கு நெடுநேரம் நிலைப்பதில்லை. ஒருவர் வினவுவார், நடுவர் விடையிறுப்பார், ஆட்டம் தொடரும்.

கணினி அந்த நடுவரை நீக்கிவிட்டது. கணினியில் விதியும் விதியின் செயற்பாடும் ஒன்றே. நிரல் எதைச் செய்கிறதோ அதுவே தீர்ப்பு. அத்தீர்ப்பை மேல்முறையீடு செய்ய ஆட்டத்தினுள் இடமில்லை. நடுவர் எழுந்துபோன இருக்கையில்தான் ஆர்வலர் உரையாடல் வந்து அமர்ந்தது. ஆட்டத்தினுள் கேட்கவியலாத 'இது முறையா?' என்னும் வினாவை ஆடுநர்கள் ஆட்டத்திற்கு வெளியே தம்முள் கேட்டுக்கொள்ளத் தொடங்கினர். இவ்வரலாற்றுக் காரணத்தைக் கருத்திற் கொண்டால், பிற கலைகளின் சுவைஞரைவிட இவ்வகை ஆட்டங்களின் ஆர்வலர் பிழை பற்றி மிகுதியாகப் பேசுவது ஏன் என்பது விளங்கும். ஒருகாலத்தில் ஆட்டத்தின் உள்ளுறுப்பாகவே இருந்த ஒரு பணியை அவர்கள் வெளியிலிருந்து செய்து வருகின்றனர்.

வழு, வழாநிலை, வழுவமைதி

'பக்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கணிமையாளர் 'வழு' என்பதையே நிகராக ஆண்டு வருகின்றனர். இச்சொல்லாட்சி தற்செயலாக வளமான ஒரு சிந்தனை மரபைத் திறந்துவிடுகின்றது. தமிழ் இலக்கணம் சொல்லாட்சியைச் சரி, பிழை என இரண்டாக மட்டும் பிரிப்பதில்லை. இலக்கணம் பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்திருப்பினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பின் மிகுதியால் பசுவைத் தாய் என உயர்திணையாகச் சொல்வது திணைவழுவாயினும், அவ்வுவப்பே காரணமாக அமைதி பெறுகின்றது. ஈண்டுக் கருதத்தக்கது, வெறும் பழக்கம் அமைதி தருவதில்லை. காரணம் காட்டப்பட வேண்டும் என்பதாகும்.

ஆர்வலர் உரையாடலை 'வடிவமைப்பா, வழுவா' என்னும் இருகிளைப் பகுப்பால் விளக்க முயன்றால் அதன் பெரும்பகுதி நழுவிவிடும். அவர்கள் மிகுதியாகப் பேசுவது மூன்றாம் வகையைப் பற்றியே. வழு என ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றை நீக்காமல் வைத்திருக்கத் தக்க காரணம் உண்டா என்பதே அவர்தம் விவாதங்களுள் செறிவானவற்றின் மையம். இம்மூவகைப் பகுப்பையே இக்கட்டுரை அளவுகோலாகக் கொள்கின்றது.

வழுவெனத் தோன்றும் வடிவமைப்பு

பெதஸ்தா நிறுவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட 'மாரோவிண்ட்' இவ்வகைக்கு நல்ல சான்று. அவ்வாட்டத்தில் புதிதாக நுழைபவர் எதிரியின் மேல் வாளை வீசுவார். வாள் எதிரியின் உடலைத் தொடுவது திரையில் தெளிவாகத் தெரியும். ஆயினும் அடி விழாது. புதியவர் பலர் இதனை வழுவென்றே முடிவுசெய்தனர். உண்மையில் அங்கு இயங்குவது மேசை விளையாட்டின் பகடை. பாத்திரத்தின் ஆயுதத் தேர்ச்சி, சுறுசுறுப்பு, நல்லூழ், உடற்சோர்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு அடி விழுமா விழாதா என நிரல் முடிவுசெய்கின்றது. ஓடிக்களைத்து வந்து போரிடுபவருக்கு அடி தவறும் வாய்ப்பு மிகுதி. விதி பழுதற்றது. எனினும் கண்ணுக்குக் காட்டும் காட்சி ஒன்றாகவும் விதி வேறாகவும் உள்ளன. ஆகவே 'இது வழுவன்று' என்ற பழைய ஆர்வலரின் விடை சரியே. 'இது குறையே' என்ற புதியவரின் உணர்வும் சரியே. வழுவின்மை வேறு, நிறைவு வேறு என்னும் நுட்பமான வேறுபாட்டை இவ்விவாதம் வெளிக்கொணர்ந்தது.

அதே ஆட்டத்தின் தொடக்க ஊரான செய்டா நீன் அருகே நடந்து செல்கையில் வானிலிருந்து ஒரு மந்திரவாதி அலறியபடி விழுந்து இறக்கின்றான். முதன்முறை காண்பவருக்கு இயற்பியல் நிரல் பழுதுற்றதாகவே தோன்றும். அவன் உடலைச் சோதித்தால் ஒரு குறிப்பேடும் மூன்று மந்திரச் சுருள்களும் கிடைக்கும். சுருளைப் பயன்படுத்தித் தாவினால் ஆடுநர் மலைகளைக் கடந்து பறப்பார். ஆனால் மந்திரத்தின் ஆற்றல் தரையிறங்கும் முன் தீர்ந்துவிடுவதால் அவரும் அம்மந்திரவாதியைப் போலவே விழுந்து மடிவார். இறங்கும் தறுவாயில் இரண்டாம் சுருளைப் பயன்படுத்துபவரே தப்புவார். வழுப்போல் தோன்றுவதைக் கொண்டே நகைச்சுவையையும் ஒரு பாடத்தையும் அமைத்த வடிவமைப்பு இது. தோற்றத்தை மட்டும் கொண்டு வழுவெனத் தீர்ப்பிடுதல் தகாது என்பதை ஆட்டமே தன் வாயிலில் நின்று ஆடுநருக்குக் கற்பிக்கின்றது.

இவ்விரண்டிலும் கடினமானது மருந்தாக்கக் கலை பற்றிய வழக்கு. 'மாரோவிண்ட்' ஆட்டத்தில் அறிவாற்றல் மிகுந்தவர் செய்யும் மருந்து வலிமை மிகுந்ததாக அமையும். அறிவாற்றலைக் கூட்டும் மருந்தும் செய்யலாம். அதனை அருந்தி மீண்டும் அதே மருந்தைச் செய்தால் முன்னினும் வலியது கிடைக்கும். இச்சுழற்சிக்கு எல்லையில்லை. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு விதியும் வழாநிலையே. இணைந்து இயங்கும்போது ஆட்டத்தின் சமநிலை முழுவதும் சரிகின்றது. ஆட்டத்தை மிக விரைந்து முடிப்பதையே கலையாகப் பயில்வோர் இச்சுழற்சியைக் கையாண்டு, பல பத்து மணிநேரம் நீளும் முதன்மைக் கதையைச் சில நிமிடங்களில் முடித்துக் காட்டினர். 2006ஆம் ஆண்டு வெளியான அடுத்த ஆட்டமான 'ஒப்லிவியன்', ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு மேல் செயற்படாதவாறு வரம்பிட்டது. அவ்வரம்பை வழுநீக்கம் என ஒருசாராரும், உரிமைப்பறிப்பு என மற்றொருசாராரும் மதிப்பிட்டனர். தன் அறிவால் உலகின் விதியையே வெல்லும் மந்திரவாதி என்பது மிகுபுனைவின் தொன்மையான கனவு. அக்கனவை ஆட்டம் தற்செயலாகவேனும் மெய்ப்பித்தது என்பதே பின்னவர் காட்டிய காரணம். இதுவே வழுவமைதி வாதத்தின் தெளிந்த வடிவம்.

வடிவமைப்பெனத் தோன்றும் வழு

மேற்கண்டதன் மறுதலையும் உண்டு. ஜப்பானின் ஃப்ரம் சாஃப்ட்வேர் நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட 'டார்க் சோல்ஸ் 2' ஆட்டத்தில் ஆயுதங்கள் விரைவில் தேய்ந்து உடையும். இவ்வரிசை ஆட்டங்கள் கடுமைக்குப் பெயர்பெற்றவை. ஆகவே ஆயுதத்தின் தேய்வும் அக்கடுமையின் ஒரு கூறே எனப் பலரும் ஏற்றுக்கொண்டனர். தீமூட்டி இளைப்பாறும் இடத்தில் அமர்ந்தால் தேய்வு சீராகும் என்னும் விதியும் அவ்வெண்ணத்திற்கு வலுவூட்டியது.

ஆயின் தனிக்கணினியில் ஆடியோர், பிறருடைய ஆயுதங்களைவிடத் தம்முடையவை ஏறத்தாழ இருமடங்கு விரைவில் தேய்வதைக் கண்டனர். ஒரே ஆயுதம், ஒரே எதிரி என வைத்துக்கொண்டு, திரையின் வேகத்தை மட்டும் நொடிக்கு 30 சட்டகம், 60 சட்டகம் என மாற்றிச் சோதித்தனர். தேய்வு சட்டக வேகத்தோடு பிணைந்திருப்பது புலப்பட்டது. வீழ்ந்த உடல்கள் முதலியவற்றின் மேல் ஆயுதம் பட்டிருக்கும் நேரத்தை நிரல் சட்டகக் கணக்கில் அளந்ததால், சட்டகம் இருமடங்கானபோது தேய்வும் இருமடங்கானது. 2015ஆம் ஆண்டு அவ்வாட்டம் புதிய கருவிகளுக்கு நொடிக்கு 60 சட்டக வேகத்தில் மறுவெளியீடு கண்டபோது அங்கும் இக்குறை தோன்றியது. அவ்வாண்டில் திருத்தம் வெளியிடப்பட்டது.

இந்நிகழ்ச்சி திறனாய்வாளர்க்கு ஓர் எச்சரிக்கை. படைப்பாளியின் புகழ் படைப்பின் குறையை மறைத்துவிட்டது. 'இவர் கடுமையாகவே படைப்பவர். ஆகவே இதுவும் வேண்டுமென்றே வைத்தது' என்னும் ஊகம் ஓராண்டுக்கு மேல் ஒரு வழுவுக்குக் காவலாக நின்றது. அமைதி கூறுவோர் காரணம் காட்டினர் என்பது உண்மையே. ஆனால் அக்காரணம் ஆட்டத்திலிருந்து பெறப்பட்டதன்று, படைப்பாளியைப் பற்றிய எண்ணத்திலிருந்து பெறப்பட்டது. அதனை உடைத்தது வாதமன்று, சோதனை. இவ்வகையில் ஆர்வலருள் ஒரு பகுதியினர் மற்றொரு பகுதியினரைத் திருத்தினர் என்பதும் மறக்கற்பாலதன்று.

அமைதி கூறும் புனைவு

வழுவுக்கு ஆடுநர் மட்டும் அமைதி கூறுவதில்லை. சிலவிடத்துப் படைப்பாளரே புனைவின் துணையால் அமைதி தேடுகின்றனர். 1996ஆம் ஆண்டின் 'டேகர்ஃபால்' வழுக்கள் மலிந்ததாக அறியப்பட்டது. ஆடுநர் தரையின் ஊடே விழுந்து வெற்றிருளில் மிதப்பது அதில் வழக்கமாக நிகழ்ந்தது. அவ்வாறு விழுந்தவரை மீட்டெடுக்க ஒரு விசைச்சேர்க்கையே திருத்தத்தின் வழி வழங்கப்பட்டது. அவ்வாட்டம் ஒன்றையொன்று மறுக்கும் பல முடிவுகளைக் கொண்டது. தொடர் ஆட்டம் எழுதும்போது எம்முடிவை உண்மையெனக் கொள்வது என்னும் இடர் எழுந்தது. காலம் ஓரிடத்தில் முறிந்தது என்றும், முரண்பட்ட முடிவுகள் யாவும் ஒருங்கே நிகழ்ந்தன என்றும் பின்வந்த ஆட்டங்களின் புனைவு நூல்கள் கூறின. முரணைத் தீர்க்காமல் முரணையே உலகின் இயல்பாக்கிய இத்தீர்வு, இவ்வரிசையின் புனைவு வரலாற்றில் ஆர்வலர் பெரிதும் போற்றும் பகுதியாயிற்று.

'மாரோவிண்ட்' ஆட்டத்தில் இருந்த மிதக்கும் மந்திரம் 'ஒப்லிவியன்' ஆட்டத்தில் நீக்கப்பட்டதும் இத்தகையதே. புதிய ஆட்டத்தில் நகரங்கள் தனித்தனிப் பரப்புகளாகப் பிரித்து ஏற்றப்பட்டன. மதிலுக்கு மேல் மிதந்து செல்பவருக்குக் காட்ட அங்கே நகரம் இராது. இது தொழில்நுட்பத் தடை. ஆனால் புனைவினுள், மிதத்தலைப் பேரரசு சட்டத்தால் தடைசெய்துவிட்டது எனக் கூறப்பட்டது. ஆர்வலர் இவ்விரண்டு அமைதிகளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. காலமுறிவு புனைவுக்குப் புதிய பொருளைத் தந்தது. சட்டத்தடை இழப்பை மூடும் திரையாக மட்டும் நின்றது. அமைதியின் தரம் அது மறைக்கும் குறையால் அன்றி, அது சேர்க்கும் பொருளால் அளக்கப்படுகின்றது என்பது இவ்விரு மதிப்பீடுகளின் வழிப் பெறப்படும் முடிவாகும்.

படைப்பாளர் தலையிடாமலே அமைதி பெற்றவையும் உள. 'ஒப்லிவியன்' ஆட்டத்தில் ஒரு பாத்திரத்திற்குக் குரல் தந்தவர், சொன்ன தொடரைத் திரும்பச் சொல்ல விரும்பி இடையில் நிறுத்தி, மீண்டும் சொல்லிய பதிவு நீக்கப்படாமல் அப்படியே ஆட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. 2011ஆம் ஆண்டின் 'ஸ்கைரிம்' ஆட்டத்தில் அரக்கரின் தண்டத்தால் அடிபட்டவர் வானுயரத்துக்கு எறியப்படுவார். ஆடுநர் அதனை அரக்கரின் விண்வெளித் திட்டம் எனக் கேலியாகக் குறிப்பிட்டுக் கொண்டாடினர். இவற்றை நீக்கவேண்டும் எனக் கோருவோர் மிகச் சிலரே. சுவடியின் ஓரத்தில் எழுதியவரின் கைத்தடுமாற்றம் கண்டு மகிழும் ஆய்வாளரின் மனநிலைக்கு இது நிகரானது. ஆக்கியோரின் மனிதத்தன்மை வெளிப்படும் இடமாக அவ்வழு அமைகின்றது.

திருத்துவோரும் திருத்தத்தின் எல்லையும்

பேச்சோடு நில்லாமல் திருத்தத்திலும் இறங்கியமையே இவ்வார்வலரின் தனிச்சிறப்பு. 'மாரோவிண்ட்' தனிக்கணினிப் பதிப்போடு அதனைக் கட்டமைக்கும் கருவியும் சேர்த்தே வழங்கப்பட்டது. இதனால் ஆடுநர் பிழைகளைத் தாமே நீக்கும் வாய்ப்புப் பெற்றனர். 'ஒப்லிவியன்', 'ஸ்கைரிம்' ஆட்டங்களுக்கும் அதிகாரப்பூர்வமற்ற திருத்தப்பொதிகள் எழுந்தன. ஊதியமின்றிப் பல்லாண்டுகள் செய்யப்பட்ட இப்பணி மதிக்கத்தக்கது. அதேவேளை அதுவே கூர்மையான பதிப்பியல் சிக்கலையும் உருவாக்கியது.

'பால்டர்ஸ் கேட் 2' ஆட்டத்தின் ஆர்வலர் திருத்தப்பொதி இச்சிக்கலை நேர்மையாக எதிர்கொண்ட முன்மாதிரியாகும். 2000ஆம் ஆண்டு பயோவேர் நிறுவனம் ஆக்கிய அவ்வாட்டத்தைத் திருத்திய குழுவினர், ஐயமற்ற பிழைநீக்கங்களை 'மையத் திருத்தம்' என்றும், விருப்பத்திற்கு விடத்தக்கவற்றை வேறொரு பிரிவாகவும் பிரித்தனர். அவ்வாட்டத்தில் ஒரு கொல்லர், ஆயுதம் செய்ய ஒருநாள் ஆகும் என்பார். ஆனால் நாள் கடவாமலே ஆயுதம் கைக்கு வரும். சொல்லும் செயலும் முரண்படுவதால் இது வழுவென வாதிடலாம்; ஆடுநரைக் காக்கவைக்காத வசதி எனவும் கொள்ளலாம். திருத்தியோர் உண்மையிலேயே ஒருநாள் கழியச் செய்யும் திருத்தத்தை ஆக்கினர்; ஆனால் அதனை எவர்மீதும் திணிக்காமல் விருப்பப் பிரிவில் வைத்தனர். மூலத்தில் உள்ளதை மேலேயும் தம் ஊகத்தைக் கீழேயும் தரும் நல்ல பதிப்பாசிரியரின் நெறி இது. கோப்புகளில் எஞ்சியிருந்த, ஆனால் ஆட்டத்தில் இடம்பெறாத பகுதிகளை மீட்டெடுக்கும் பணியும் 'முடிவுறாத பணி' என்னும் பொருள்தரும் பெயரில் தனியானதொரு மாற்றமைப்பாகவே வெளியாயிற்று. பிழைநீக்கமும் விடுபட்டதை மீட்டலும் வெவ்வேறு செயல்கள் என்னும் தெளிவு அங்கு இருந்தது.

'ஸ்கைரிம்' ஆட்டத்தின் நிலை வேறு. அதில் மீட்புக் கலையை வலுப்படுத்தும் மருந்தை அருந்தினால், அணிந்துள்ள மந்திர அணிகளின் ஆற்றலும் கூடிவிடும். அவ்வணிகளின் துணையால் இன்னும் வலிய மருந்து செய்யலாம். 'மாரோவிண்ட்' சுழற்சியின் மறுபிறவி எனத்தக்க இதனை அதிகாரப்பூர்வமற்ற திருத்தப்பொதி அடைத்தது. நிரலின் நோக்கத்தைக் கருதினால் இது வழுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் தனித்து ஆடும் ஆட்டத்தில், விரும்பாதவர் பயன்படுத்தாமல் விடத்தக்க ஒன்றை அனைவருக்கும் அடைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே எதிர்ப்பாளர் வினா. வேறு பல மாற்றமைப்புகள் இத்திருத்தப்பொதியை அடித்தளமாகக் கொண்டு ஆக்கப்பட்டமையால், அவற்றை விரும்புவோர் இதனையும் ஏற்க நேர்ந்தது. திருத்தத்தின் உள்ளடக்கத்தைவிட, அதனைப் பிரித்தெடுக்க இயலாமையே பூசலுக்கு வித்தாயிற்று. திருத்தியோர் வழுவைச் சரியாகவே அறிந்தனர். வழுவமைதி என்னும் வகைக்கு இடம் வைக்கத் தவறினர்.

திருத்தமே வழுவை ஈனும் என்பதற்கும் 'ஸ்கைரிம்' சான்று தருகின்றது. 2011 நவம்பரில் நிறுவனம் வெளியிட்ட ஒரு திருத்தம் டிராகன்களைப் பின்னோக்கிப் பறக்கச் செய்தது. ஆட்டத்தின் தொடக்கக் காட்சியில் வரும் மாட்டுவண்டியைப்போன்ற எளிய வண்டிப் பயணமும், உருவாக்க நாட்களில் வண்டி திடீரென வானில் எறியப்பட்டதால் இடர்ப்பட்டது என அதில் பணியாற்றிய ஒருவர் 2021ஆம் ஆண்டு விளக்கினார். ஆடுநர் தேனீயைப் பிடிக்க இயலவில்லை என்னும் வேறொரு குறையைத் தீர்த்தபோது, தேனீ மோதித் தள்ளும் திண்பொருளாயிற்று. அத்தேனீயே வண்டியை எறிந்தது. ஓர் உலகின் உறுப்புகள் எவ்வளவு இறுகப் பின்னியுள்ளன என்பதையும், தொலைவிலிருந்து 'எளிதில் திருத்தலாமே' என்போர் அறியாத சுமை எது என்பதையும் இச்செய்தி உணர்த்துகின்றது.

வழுவின்றியும் பிழைத்த வடிவமைப்பு

எல்லாக் குறையும் வழுவன்று என்பதற்கு 'ஒப்லிவியன்' ஆட்டத்தின் நிலைப்பெருக்கம் தக்க சான்று. ஆடுநர் வளருந்தோறும் எதிரிகளும் வளர்வர் என்னும் விதியால், உயர்நிலை எய்திய ஆடுநரை வழிமறிக்கும் எளிய வழிப்பறிக் கள்வரும் விலைமதிப்பற்ற கவசம் பூண்டு நின்றனர். ஆடுநரின் பண்புக்கூறுகள் வளரும் அளவோ, அவர் எத்திறன்களை எவ்வளவு பயன்படுத்தினார் என்பதைப் பொறுத்தது. கணக்கறியாது ஆடியவர் நிலை உயர உயர எதிரிகளினும் மெலிந்தார். ஆகவே தேர்ந்தவர்கள் விரும்பிய திறனைப் பயிலாமல், கணக்குக்கு ஏற்ற திறனைக் குறித்துவைத்துப் பயின்றனர். நிரல் சொன்னதைச் சொன்னபடியே செய்தது, வழு ஏதுமில்லை. ஆனால் வளர்ச்சியே தண்டனையாகும் உலகம் பாத்திரமேற்பு என்னும் வகையின் அடிப்படை உறுதிமொழியை முறித்துவிட்டது.

ஆர்வலர் திறனாய்வின் வலிமை இங்குச் சிறப்பாக வெளிப்பட்டது. அவர்கள் குறையை உரைத்ததோடு அமையாமல், இடந்தோறும் எதிரிகளின் வலிமையை நிலைநிறுத்தும் பெருமாற்றமைப்புகளை ஆக்கிக் காட்டினர். 2025 ஏப்ரலில் வெளியான 'ஒப்லிவியன்' மறுவாக்கம் பண்புக்கூறு வளரும் முறையை மாற்றியது. ஒவ்வொரு நிலையிலும் பன்னிரண்டு புள்ளிகளை ஆடுநரே தம் விருப்பப்படி பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆடுநர் சுட்டிவந்த குறை ஆட்டத்தின் விதியிலேயே விடை பெற்றது.

உரையாடல் படைப்பை முந்தும் நிலையும் இன்று தோன்றியுள்ளது. லாரியன் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபர் முதல் முற்றுப்பெறாத வடிவிலேயே ஆடுநரிடம் தரப்பட்டு, 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளிவந்தது. வெளிவந்த பின்னரும் அதன் நிறைவுப் பகுதி சுருங்கியது என்னும் குறை எழ, அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வந்த திருத்தத்தில் புதியதொரு பின்னுரைக் காட்சி சேர்க்கப்பட்டது. கதையின் முடிவே ஆடுநர் கருத்துக்குப் பின் வளர்ந்தமை, திறனாய்வுக்கும் படைப்புக்கும் இடையிலிருந்த எல்லை மெலிந்துவருவதைக் காட்டுகின்றது.

உரையாடலின் குறைபாடு

இவ்வுரையாடலைப் புகழ்ந்து மட்டும் முடித்தல் முறையன்று. முதலாவதாக, இளமையில் ஆடிய ஆட்டத்தின் வழுவுக்கு அமைதியும், பின்னர் வந்த ஆட்டத்தின் வழுவுக்குக் கண்டனமும் கூறும் ஓரவஞ்சனை அதில் பரவலாக உள்ளது. 'மாரோவிண்ட்' மருந்துச் சுழற்சியைக் கவித்துவம் என்போர் பலர், 'ஸ்கைரிம்' சுழற்சியைக் கவனக்குறைவு என்பது இதற்குச் சான்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றாயின் அமைதியும் ஒன்றாதல் வேண்டும். இரண்டாவதாக, ஆர்வலரின் ஊதியமற்ற உழைப்பு நிறுவனத்தின் கடமையை மறக்கச் செய்கின்றது. 'ஆடுநர் திருத்திக்கொள்வர்' என்னும் நிலை, கருவியும் திறனும் இல்லாத ஆடுநரைக் கைவிடுகின்றது. மாற்றமைப்புகளுக்கு வழியில்லாத கருவியில் ஆடுவோர்க்கு ஆர்வலர் திருத்தம் எட்டாக்கனியே.

மூன்றாவது குறை பெரிது. அது ஆர்வலரால் நேர்ந்ததன்று, அவர்கள் நாளும் எதிர்கொள்வது. இணையத்தின் வழித் தானாக நிறுவப்படும் திருத்தம், திருத்தப்படாத வடிவத்தை அழித்துவிடுகின்றது. 2021 நவம்பரில் 'ஸ்கைரிம்' புதுப்பிக்கப்பட்டபோது, பல்லாண்டுகளாக ஆக்கப்பட்ட மாற்றமைப்புகள் பல செயலிழந்தன. முந்தைய வடிவத்திற்குத் திரும்புவதற்கென்றே ஆர்வலர் ஒரு கருவியை ஆக்க வேண்டியதாயிற்று. பழைய பாடம் கிடைக்காதபோது வழுவா அமைதியா என்னும் வழக்குக்கே இடமில்லை. ஏடு செல்லரித்தால் பாடவேறுபாடு பற்றிப் பேசவியலாதது போன்றதே இது.

முடிவுரை

மிகுபுனைவு விளையாட்டுகள் பற்றிய ஆர்வலர் உரையாடல், மேசை விளையாட்டின் நடுவர் விட்டுச்சென்ற தீர்ப்புப் பணியின் தொடர்ச்சி என்பது மேற்கண்ட ஆய்வால் புலனாகின்றது. அவ்வுரையாடல் வழு, வழாநிலை என இரண்டில் அடங்காது, வழுவமைதி என்னும் மூன்றாம் வகையை மையமாகக் கொண்டு இயங்குகின்றது. அமைதி கூறுவோர் காட்டும் காரணம் ஆட்டத்தினுள்ளிருந்து பெறப்படும்போது அது திறனாய்வாகின்றது. படைப்பாளியின் புகழிலிருந்தோ பழக்கத்திலிருந்தோ பெறப்படும்போது வெறும் பற்றாகின்றது. 'டார்க் சோல்ஸ் 2' ஆயுதத் தேய்வு பின்னதற்கும், 'மாரோவிண்ட்' மருந்துச் சுழற்சி முன்னதற்கும் எடுத்துக்காட்டுகளாக நிற்கின்றன.

திருத்துதலில் போற்றத்தக்க நெறி, 'பால்டர்ஸ் கேட் 2' திருத்தியோர் கடைப்பிடித்ததே. ஐயமற்றதைத் திருத்துதல், ஐயமுள்ளதை விருப்பத்துக்கு விடுதல், திருத்தியது இன்னதெனப் பிரித்துக் காட்டுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த திருத்தமே படைப்புக்கும் ஆடுநருக்கும் ஒப்ப நேர்மை செய்வது. அதனினும் முதன்மையானது, திருத்தப்படாத வடிவம் எங்கேனும் படிக்கக் கிடைத்தல். ஒரு தலைமுறையினர் வழுவென நீக்கியதை அடுத்த தலைமுறையினர் அமைதியெனக் கொள்ளக்கூடும். அவ்வுரிமையை அவர்களுக்கு விட்டுவைக்காத திருத்தம், எவ்வளவு செம்மையானதாயினும், பதிப்பு ஆகாது, அழிப்பே ஆகும்.